ஒரு ஃபோல்டருக்காக மொத்தக் கம்ப்யூட்டரையும் திருப்பிப் போடணுமா?

பல்லடத்திலிருந்து ஒரு கேள்வி, 6 ஜூன் 2024

"எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கிறோம்ங்க. போன வருசம் பழைய கம்ப்யூட்டரை மாற்றும்போது அதை முழு இமேஜாக (மொத்த டிஸ்க்கின் நகலாக) எடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்தோம். இப்போது பழைய பையர் ஒருத்தர் ரிப்பீட் ஆர்டர் கொடுக்கிறார். அந்த டிசைன் இமேஜுக்குள்தான் இருக்கிறது. சிஸ்டம் பார்க்கிற தம்பி, இமேஜில் இருந்து ஒரு ஃபைலை மட்டும் எடுக்க முடியாது, மொத்தமாக ரீஸ்டோர் செய்தால்தான் உண்டு என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து தருகிறாராம். இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிற புது டிசைன் எல்லாம் என்ன ஆகும்?"

6 ஜூன் 2024, இரவு

முதலில் ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்துங்க. மற்றதை அப்புறம் பேசலாம்.

முழு ரீஸ்டோர் என்றால் இமேஜ் எடுத்த நாளில் டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப எழுதுவது. அதற்குப் பிறகு வந்த டிசைன், பில், மெயில் எதுவும் மிஞ்சாது. ஒரு பழைய ஃபோல்டரை எடுக்கப் போய் ஒரு வருச வேலையைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். அதுவும் பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸைப் புதுக் கம்ப்யூட்டரில் இறக்கினால் அது கிளம்பும் என்றும் உறுதியில்லை.

தம்பி பொய் சொல்லவில்லை. விண்டோஸின் சொந்த ரீஸ்டோர் திரையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். கண்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்று இன்னும் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதில் சிஸ்டம் இமேஜை மொத்தமாக இறக்கத்தான் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு ஃபைலை மட்டும் எடுக்கப் பட்டன் கிடையாது. ஆனால் உள்ளே இருப்பது டிஸ்க்கின் நகல். ஃபோல்டர், ஃபைல், பெயர், தேதி எல்லாம் இருந்தபடியே இருக்கும். அதை ஒரு டிரைவ் மாதிரி திறந்து, வேண்டியதை காப்பி செய்துகொண்டு மூடிவிடலாம்.

அந்த டிஸ்க்கில் என்ன பெயரில் ஃபைல் இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்க. 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' என்று ஃபோல்டர் இருந்தால் விண்டோஸே எடுத்தது. பெயரின் வால் எம்.ஆர்.இமேஜ் (mrimg) என்றால் மேக்ரியம் என்கிற இமேஜ் சாஃப்ட்வேர் எடுத்தது. டி.ஐ.பி என்றால் அக்ரோனிஸ். வி.பி.கே என்றால் வீம். 'பி.டி.சி.எல்' என்று நடுவில் போட்டு ஏஏ, ஏபி என்று துண்டு துண்டாக இருந்தால் குளோனசில்லா. கடைசியாகச் சொன்னதாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்க.

7 ஜூன் 2024

விண்டோஸ்இமேஜ்பேக்கப் என்று பதில் வந்திருக்கிறது. நல்லதாகப் போயிற்று.

அந்த ஃபோல்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பேக்கப் எடுத்த தேதியோடு ஒன்று, அதற்குள் வி.ஹெச்.டி.எக்ஸ் என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். விண்டோஸ் 7 காலத்து இமேஜ் என்றால் கடைசி எக்ஸ் இருக்காது, வெறும் வி.ஹெச்.டி. சின்னது கம்ப்யூட்டரைக் கிளப்புகிற பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த ஒரு பகுதி), அதில் நமக்கு வேலையில்லை. பல ஜி.பி இருக்கிற பெரியதுதான் உங்கள் சி டிரைவ்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஆக்‌ஷன் மெனுவில் 'அட்டாச் வி.ஹெச்.டி' கொடுத்து, அந்தப் பெரிய ஃபைலைக் காட்டுங்க. கீழே 'ரீட் ஒன்லி' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் போடாமல் ஓகே அழுத்தாதீங்க. படிக்க மட்டும் திறந்தால் உள்ளே எதையும் தவறிப்போயும் மாற்ற முடியாது. டபுள் கிளிக் செய்தாலும் திறக்கும், விண்டோஸ் 8 முதல் அந்த வசதி உண்டு. ஆனால் அப்படித் திறந்தால் எழுதும் உரிமையோடு திறக்கும், அது நமக்கு வேண்டாம்.

இன்னொன்று. அந்த விண்டோஸ்இமேஜ்பேக்கப் ஃபோல்டரின் பெயரை மாற்றாதீங்க, வேறு ஃபோல்டருக்குள் தள்ளாதீங்க. உள்ளே எட்டிப் பார்க்க அது எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் என்றைக்காவது முழு ரீஸ்டோர் தேவைப்பட்டால், விண்டோஸ் அதை டிரைவின் முதல் மட்டத்தில் அதே பெயரில்தான் தேடும்.

7 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழித்து

காங்கயத்து நண்பர் ஒருவர் கேட்டிருப்பது: அதே கம்ப்யூட்டரின் இமேஜை அதே கம்ப்யூட்டரில் மாட்டினால், 'ஆஃப்லைன், சிக்னேச்சர் கொலிஷன்' என்று வருகிறதே?

வரும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு அடையாள எண் உண்டு. இமேஜ் அச்சு அசல் நகல் என்பதால் எண்ணும் அதேதான். ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க்கை விண்டோஸ் ஏற்காது, பின்னால் வந்ததை ஓரமாக உட்கார வைத்துவிடும். ரைட் கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுத்தால் அது இமேஜுக்குள் புது எண்ணை எழுதும். அப்புறம் அந்த இமேஜை முழுசாக இறக்கினால் கம்ப்யூட்டர் கிளம்பாமல் மல்லுக்கட்ட வாய்ப்புண்டு. வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்க, இந்தத் தொல்லையே இல்லை. பல்லடத்துக்காரருக்குப் பழைய டிஸ்க்கே இப்போது இல்லை என்பதால் பிரச்சினை வராது.

8 ஜூன் 2024

பல்லடத்திலிருந்து: "கே டிரைவாகத் திறந்துவிட்டது. எல்லா யூசருக்கும் பொதுவான பழைய டெஸ்க்டாப்பில் டிசைன் ஃபோல்டர் இருந்தது, அதைத் திறந்தால் இந்த மாசம் போட்ட டிசைன்தான் தெரிகிறது. பழைய இமேஜுக்குள் புது டிசைன் எப்படி வந்தது?"

நல்ல கேள்வி. பலர் இந்த இடத்தில்தான் இமேஜ் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

டெஸ்க்டாப்பில் நீங்கள் பார்த்தது ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட். ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கிறதா பாருங்க. அதற்குள் 'சி டிரைவில் டிசைன்' என்று முகவரி மட்டும் எழுதியிருக்கும். பழைய கம்ப்யூட்டரில் அது பழைய சி. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டரில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் சி டிரைவில் இருக்கிறது, அதைக் காட்டிவிட்டது. நீங்கள் இமேஜை விட்டு வெளியே வந்ததே தெரியாது. கே டிரைவில் இருந்து நேராக டிசைன் ஃபோல்டருக்குள் நடந்து போங்க. மேலே முகவரிப் பட்டியில் 'கே' என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் பாருங்க.

இதே கதை விண்டோஸ் தானாகப் போட்டு வைத்திருக்கும் ஜங்ஷன்களிலும் உண்டு. 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', 'அப்ளிகேஷன் டேட்டா' என்று மங்கலாகத் தெரிகிறவை எல்லாம் நிஜ ஃபோல்டர் இல்லை, சி டிரைவுக்குக் கைகாட்டி. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளையை வைத்து மொத்தமாக எடுப்பவர்கள் 'எக்ஸ்.ஜே' என்ற ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்க, கைகாட்டிகளை விட்டுவிடும். சேர்க்காவிட்டால் ஒரே ஃபோல்டருக்குள் அதே ஃபோல்டர், அதற்குள் மறுபடி அதே என்று போய்க்கொண்டே இருக்கும்.

9 ஜூன் 2024

"யூசர்ஸுக்குள் பழைய யூசர் ஃபோல்டரைத் திறந்தால் உங்களுக்கு அனுமதி இல்லை, கன்டினியூ அழுத்து என்கிறது. அழுத்தினாலும் திறக்கவில்லை."

திறக்காது. கன்டினியூ அழுத்தினால் விண்டோஸ் அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதப் பார்க்கும். நாம்தான் படிக்க மட்டும் என்று திறந்திருக்கிறோமே, எங்கே எழுதும்? அதற்காக ரீட் ஒன்லியைக் கழற்றச் சொல்ல மாட்டேன்.

வேறு வழி இருக்கிறது. ஜிப் ஃபைல்களைப் பிரிக்கிற இலவச சாஃப்ட்வேரான செவன் ஜிப்பை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதற்குள் இருந்து அந்த வி.ஹெச்.டி.எக்ஸ் ஃபைலுக்குள் போங்க. மவுண்ட் எதுவும் செய்ய வேண்டாம், அதாவது டிரைவாக மாட்ட வேண்டாம், கே டிரைவைக் கழற்றிவிடுங்க. செவன் ஜிப் அந்த ஃபைலை ஒரு ஜிப் மாதிரி பிரித்துக் காட்டும். விண்டோஸின் அனுமதிப் பட்டியலை அது கண்டுகொள்வதில்லை, டிஸ்க் அமைப்பை நேராகப் படிக்கிறது. ஷார்ட்கட், ஜங்ஷன் பிடித்து வெளியே நழுவுகிற தொல்லையும் அதில் கிடையாது. அடையாள எண் மோதலும் இல்லை.

இதையே 7-ஆம் தேதி சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். டிரைவாகத் திறந்தால் டிசைன் சாஃப்ட்வேரில் நேராகப் போட்டுப் பார்க்கலாம், படங்களின் முன்னோட்டம் தெரியும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அனுமதித் தொல்லை இருக்கிற யாருக்கும் செவன் ஜிப்தான் முதல், மவுண்ட் இரண்டாவது. ஒன்று மட்டும்: பழைய செவன் ஜிப்புக்கு வி.ஹெச்.டி.எக்ஸ் புரியாது, புதுசாக இறக்கிக்கொள்ளுங்க.

9 ஜூன் 2024, இரவு

கிடைத்துவிட்டதாம். டி.எஸ்.டி ஃபைலை எடுத்துக்கொண்டேன், போதும்தானே என்கிறார்.

போதாதுங்க. டி.எஸ்.டி என்பது மெஷினுக்கான ஃபைல். ஊசி எங்கே குத்த வேண்டும், எங்கே நூல் வெட்ட வேண்டும், எங்கே கலர் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். எந்தக் கலர் நூல் என்று இருக்காது. பையர் இந்தத் தடவை லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கேட்டால் டி.எஸ்.டியை இழுத்துப் பெரிதாக்குவது தையலைக் கெடுக்கும். பக்கத்தில் இ.எம்.பி ஃபைல் இருக்கும், அதுதான் திருத்தக்கூடிய மூலம். அதையும், கலர் சார்ட் எக்செல்லையும், அப்ரூவல் போட்டோவையும் சேர்த்து ஃபோல்டரோடு எடுங்க. இமேஜைத் திறந்த கையோடு மற்ற பழைய பையர் ஃபோல்டர்களையும் எடுத்து வைத்துவிட்டால் அடுத்த ரிப்பீட் ஆர்டருக்கு இந்தக் கூத்து இல்லை.

14 ஜூன் 2024

மேக்ரியம் பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒரே பதிலாகச் சொல்கிறேன்.

எம்.ஆர்.இமேஜ் ஃபைலை ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ப்ளோர் இமேஜ்' கொடுத்தால் டிரைவ் எழுத்து கேட்டுத் திறந்துவிடும். அதிலேயே 'தடுக்கப்பட்ட ஃபோல்டர்களுக்கும் அனுமதி' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது, பல்லடத்தில் பட்ட பாடு இதில் கிடையாது. 'எழுதக்கூடியதாக்கு' என்று இன்னொரு பெட்டி. அதில் டிக் போட்டாலும் மாற்றங்கள் தனியாகத் தற்காலிகமாகத்தான் நிற்கும், கழற்றினால் போய்விடும். இமேஜ் மாறாது. நல்ல ஏற்பாடு.

கெட்ட சேதி: இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். 2024 ஜனவரி 1-க்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம்கூட வராது. ஏற்கெனவே போட்டு வைத்திருப்பவர்களுக்கு ஓடும். ஆனால் நாளைக்குக் கம்ப்யூட்டர் மாறினால், எம்.ஆர்.இமேஜ் ஃபைல்களைத் திறக்க அந்த இன்ஸ்டாலர் கையில் இருக்க வேண்டும். இமேஜ் இருக்கிற டிஸ்க்கிலேயே இன்ஸ்டாலரையும், அது எழுதித் தரும் மீட்பு ஐ.எஸ்.ஓவையும் (கம்ப்யூட்டரைக் கிளப்பும் சி.டி வடிவ ஃபைல்) சேர்த்துப் போட்டு வையுங்க.

2 ஜூலை 2024

வேண்டிக்கொள்ளச் சொன்னேன் இல்லையா, சென்னிமலையிலிருந்து குளோனசில்லா வந்துவிட்டது.

பெட்ஷீட் டிசைன் போடுகிற அக்கா. ஜக்கார்டு டிசைன்கள் எல்லாம் பழைய கம்ப்யூட்டரில். யாரோ புண்ணியவான் இலவசம் என்று குளோனசில்லாவில் இமேஜ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு ஃபோல்டர் நிறைய துண்டு ஃபைல்கள். செவன் ஜிப்பில் திறந்தால் ஒன்றும் புரியாத ஒரே பெரிய ஃபைல்.

குளோனசில்லாவைக் குறை சொல்ல மாட்டேன். தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒரே மாதிரி நிறைய கம்ப்யூட்டர் இருக்கிற இடத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் இமேஜுக்குள் எட்டிப் பார்க்க முடியாது என்று அவர்களே தங்கள் வரம்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம், அது பார்ட்டிஷனில் பயன்பாட்டில் இருக்கிற பகுதிகளை மட்டும் வரிசையாக எடுத்துச் சுருக்கி, துண்டு போட்டு வைக்கிறது. நடுவில் இருக்கிற ஒரு ஃபைலுக்குப் போக வேண்டும் என்றால் தொடக்கத்தில் இருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும்.

அக்காவுக்கு இரண்டு வழி. சும்மா கிடக்கிற ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தால் அதில் இறக்கலாம். பழைய டிஸ்க்கின் அளவு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பழைய டிஸ்க் 500 ஜி.பி, அதில் 60 ஜி.பிதான் டேட்டா என்றாலும் 250 ஜி.பி டிஸ்க்கில் அது இறங்க மறுக்கும். ரீஸ்டோர் செய்யும்போது எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று கேட்கும், அங்கே தப்பான டிஸ்க்கைக் காட்டிவிட்டால் அதோடு சரி. மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டு உட்காருங்க என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேரைப் போட்டு, அதில் பழைய டிஸ்க் அளவுக்கு ஒரு கற்பனை டிஸ்க் உருவாக்குங்க. 'டைனமிக்' என்று தேர்ந்தெடுத்தால் 500 ஜி.பி என்று பெயருக்குத்தான் இருக்கும், நிஜத்தில் டேட்டா அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். குளோனசில்லா ஐ.எஸ்.ஓவை அந்த மெஷினுக்குள் பூட் செய்து, கற்பனை டிஸ்க்கில் ரீஸ்டோர் செய்துவிடுங்க. தவறினாலும் அழியப்போவது ஒன்றுமில்லாத டிஸ்க். முடிந்ததும் அந்தக் கற்பனை டிஸ்க்கின் வி.டி.ஐ ஃபைலைச் செவன் ஜிப்பில் திறக்கலாம். நிஜ விண்டோஸ் அதற்குள் கிளம்ப வேண்டிய அவசியமே இல்லை.

துண்டு ஃபைல்களில் ஒன்றுகூடக் காணாமல் போயிருக்கக் கூடாது, இது முக்கியம்.

3 ஜூலை 2024

லினக்ஸ் தெரிந்த கோவைக்காரர் ஒருவர் எழுதுகிறார்: வர்ச்சுவல்பாக்ஸ் எதற்கு, துண்டுகளை 'கேட்' போட்டுச் சேர்த்து, விரித்து, பார்ட்குளோனுக்குள் விட்டு ஒரு சாதா இமேஜாக எழுதிக்கொண்டு லூப் மவுண்ட் செய்தால் முடிந்தது என்று.

சரிதான். பெயரின் வால் ஜி.இசட் என்றால் ஜிஜிப், இசட்.எஸ்.டி என்றால் இசட்ஸ்டாண்டர்டு, பார்த்து விரிக்கணும். லினக்ஸின் டி.டி கட்டளையில் எடுத்த முழு டிஸ்க் இமேஜ் என்றால் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று எஃப்டிஸ்க்கில் பார்த்து, செக்டார் எண்ணை 512-ஆல் பெருக்கிக் கொடுக்க வேண்டும். 2048-இல் தொடங்கினால் 10,48,576. இல்லாவிட்டால் லோசெட்டப்பில் 'பி' போட்டால் அதுவே பார்ட்டிஷன்களைக் கண்டுபிடித்துக்கொள்ளும். எதுவானாலும் 'ஆர்.ஓ' (படிக்க மட்டும்) போட்டுத்தான். ஆனால் சென்னிமலை அக்காவிடம் போய் இதைச் சொன்னால் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார். அவருக்கு வர்ச்சுவல்பாக்ஸ்தான் சரி.

20 ஜூலை 2024

நேற்று உலகம் முழுக்க நீலத் திரை. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரு அப்டேட், விமான நிலையங்களில் எல்லாம் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களாம். இங்கே நம் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த சாஃப்ட்வேர் வாங்குகிற அளவுக்கு நம் ஒர்க்‌ஷாப்புகளில் யாரும் செலவு செய்வதில்லை. சிக்கனத்திலும் ஒரு லாபம்.

ஆனால் அதில் நமக்கு ஒரு விஷயம் இருக்கிறது. கம்ப்யூட்டரைச் சேஃப் மோடில் கொண்டுபோய் ஒரு ஃபைலை அழித்தால் சரியாகிவிடும் என்றார்கள், போனால் பல இடங்களில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்டது. 48 இலக்கம். அது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் விடிந்துவிட்டது.

இமேஜுக்கும் இதே பாடு வரும். ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸுக்குள் இருந்து, டிரைவ் திறந்திருக்கும்போது எடுத்த இமேஜ் என்றால் பொதுவாக உள்ளே டேட்டா சாதாவாக இருக்கும், கீ கேட்காது. அந்த இமேஜ் வெளியே போனால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது அதன் மறுபக்கம். வெளியே ஒரு பென் டிரைவில் பூட் செய்து, பூட்டியபடியே செக்டார் செக்டாராக எடுத்தது என்றால் இமேஜும் பூட்டியபடிதான் இருக்கும். கணபதியில் லேத் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பர் கேட்டது இந்த இரண்டாவது வகை. லேப்டாப்பை வாங்கிய கடையில் ஆரம்பத்தில் போட்டுக் கொடுத்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் எது என்று கண்டுபிடியுங்க, கீ பெரும்பாலும் அந்த அக்கவுன்ட்டில் ஏறியிருக்கும். கீ இல்லையென்றால் அந்த இமேஜில் இருந்து ட்ராயிங் எடுக்க என்னிடம் வழியில்லை, யாரிடமும் இல்லை. இருக்கிறது என்று காசு கேட்பவரை நம்பாதீங்க.

4 ஆகஸ்ட் 2024

நேற்று ஆடிப் பதினெட்டு, பவானி கூடுதுறைப் பக்கம் போய் வந்ததில் பதில் போடவில்லை. ஆற்றில் நல்ல தண்ணீர்.

ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருவர் எழுதியது நீளமாக இருக்கிறது, சுருக்கிச் சொல்கிறேன். மாசாமாசம் சிஸ்டம் இமேஜ் எடுக்கிறார்கள். முடிந்ததும் வெற்றி என்று செய்தி வருகிறது. ஒரு பார்ட்டியின் டேலி டேட்டா கெட்டுப்போனது, இமேஜைத் திறந்து பார்த்தால் டேலி ஃபோல்டரே காணோம். சாஃப்ட்வேர் இருக்கிறது, கம்பெனி டேட்டா இல்லை.

டி டிரைவில் வைத்திருக்கிறீர்கள், அதானே? விண்டோஸ் சிஸ்டம் இமேஜ் என்றால் விண்டோஸ் கிளம்பத் தேவையான டிரைவ்களைத்தான் எடுக்கும். டி வேண்டும் என்றால் நாம் டிக் போட வேண்டும். நம் பக்கம் கம்ப்யூட்டர் போட்டுத் தருபவர்கள் எல்லாரும் 'சி-யில் எதுவும் வைக்காதீங்க, ஃபார்மட் செய்தால் போய்விடும்' என்று சொல்லிச் சொல்லி, எல்லாரும் டேட்டாவை டி-யில் வைக்கப் பழகிவிட்டார்கள். இமேஜ் எடுப்பதோ சி-யை. இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்து நடுவில் டேட்டா தனியாக நிற்கிறது.

'வெரிஃபை ஓகே' என்று வருவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுதியது எழுதியபடி இருக்கிறது, ஒரு பிட் மாறவில்லை என்றுதான் அது சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது அதற்குள் இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஈரோட்டில் மஞ்சள் வாங்குகிறவர் மூட்டையின் தையல் நன்றாக இருக்கிறது என்று விலை பேச மாட்டார், குத்தூசி விட்டு உள்ளே இருக்கிற மஞ்சளை எடுத்து உடைத்துப் பார்ப்பார். இமேஜை மாசம் ஒரு தடவை திறந்து, ஏதாவது ஒரு கம்பெனி ஃபோல்டரை வெளியே எடுத்து, டேலியில் ஏற்றி, கடைசி வவுச்சர் தேதியைப் பாருங்க. பேக்கப் இருக்கிறது என்று அதற்கப்புறம் சொல்லலாம்.

தங்கச்சிக்கு உடனடி உதவி: பென் டிரைவ், பழைய மெயில், பார்ட்டிக்கு அனுப்பிய காப்பி என்று தேடுங்க. ஜி.எஸ்.டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது, அதனால் பார்ட்டியிடமே ஏதாவது பிரின்ட்டாவது இருக்கும்.

6 ஆகஸ்ட் 2024

பார்ட்டியிடம் ஏப்ரல் மாசக் காப்பி கிடைத்ததாம். மிச்சத்தை உட்கார்ந்து ஏற்றுகிறார்கள்.

டேலி ஃபோல்டர் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். எண்ணைப் பார்த்தால் எந்தக் கம்பெனி என்று தெரியாது, அதனால் டேட்டா ஃபோல்டரை மொத்தமாக வெளியே எடுத்து, தனி இடத்தில் வைத்து, டேலியில் அந்த இடத்தைக் காட்டித் திறந்து பாருங்க. இப்போது ஓடுகிற டேட்டா ஃபோல்டருக்கு மேல் ஒட்டிவிடாதீங்க, ஒரே எண் இரண்டிலும் இருந்தால் புதுசு போய்விடும். பழைய டேட்டாவைப் புது டேலியில் திறந்தால் அது புது வடிவத்துக்கு மாற்றும், அப்புறம் பழைய டேலியில் திறக்காது. அதனால் காப்பியின் காப்பியில் வேலை செய்யுங்க.

11 செப்டம்பர் 2024

இது வரைக்கும் யாரும் கேட்காதது, ஆனால் கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் பார்த்தேன். இமேஜில் ஃபைல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, 40 எம்.பி என்று அளவும் காட்டுகிறது, திறந்தால் திறக்கவில்லை.

ஒன்ட்ரைவ். இடம் மிச்சம் பிடிக்க 'தேவைப்படும்போது இறக்கு' என்று போட்டிருந்தார்கள். அந்த ஏற்பாட்டில் கம்ப்யூட்டரில் ஃபைலின் பெயர்ப்பலகை மட்டும் இருக்கும், சரக்கு மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில். இமேஜ் டிஸ்க்கில் இருந்ததை எடுக்கும், டிஸ்க்கில் இருந்ததோ பெயர்ப்பலகை. ப்ராப்பர்ட்டீஸில் 'சைஸ் ஆன் டிஸ்க்' பூஜ்யம் என்று இருந்தால் அதுதான் விஷயம். அவர்கள் ஒன்ட்ரைவ் இணையதளத்துக்குள் போய் எடுத்துக்கொண்டார்கள். அங்கேயும் அழித்திருந்தால் கதை வேறு.

அவுட்லுக் மெயிலும் அப்படி ஒன்று. மெயில்கள் இருக்கிற பி.எஸ்.டி ஃபைலை இமேஜுக்குள் வைத்தே திறக்கப் பார்த்தால் அவுட்லுக் அடம்பிடிக்கும், அதற்கு எழுதும் உரிமை வேண்டும். வெளியே காப்பி செய்துகொண்டு திறங்க.

12 செப்டம்பர் 2024

"இமேஜை ரெகவரி சாஃப்ட்வேரில் போட்டு, அழித்த ஃபைலை எடுக்க முடியுமா?" என்று கோபியிலிருந்து.

பெரும்பாலும் முடியாது. நேரமும் இடமும் மிச்சம் பிடிக்க, பயன்பாட்டில் இருக்கிற இடத்தை மட்டுமே இமேஜ் எடுப்பார்கள். அழித்த ஃபைல் கிடந்த இடம் விண்டோஸ் கணக்கில் காலி இடம், அது இமேஜுக்குள் வந்திருக்காது. காலி இடம் உட்பட எல்லா செக்டாரையும் எடுக்கிற முறையில் எடுத்திருந்தால் ஃபோட்டோரெக் மாதிரி ஒன்றை அந்த இமேஜின் மேல் ஓட்டலாம். டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கிறது என்றால் சாதா இமேஜ் வேலைக்கே ஆகாது, குனு டி.டி.ரெஸ்க்யூ போட்டு எடுக்கணும். அது படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, எங்கே விட்டது என்று ஒரு குறிப்பு ஃபைலில் எழுதிக்கொண்டு, கெட்ட இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். மின்வாரியம் மாசாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு கொடுத்திருக்கிற நாளில் ஆரம்பிக்க வேண்டாம், அது தனி.

12 அக்டோபர் 2024

நேற்று ஆயுத பூஜை. திருப்பூரில் ஒரு யூனிட்டில் பேக்கப் டிஸ்க்கையும் சாமி முன்னால் வைத்துச் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறார்கள். பக்தி நல்லதுதான். சந்தனத்தைச் சரியாக யு.எஸ்.பி ஓட்டையின் மேல் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு டிஸ்க் தெரியவில்லை என்று போன். பல் குச்சியால் சுரண்டச் சொல்லவில்லை. கேபிளைக் கழற்றி, ஈரம் காய விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தார்கள், தெரிந்துவிட்டது.

அந்த டிஸ்க் வருசம் பூராவும் கம்ப்யூட்டரில் மாட்டியபடியே இருக்கிறது என்பதுதான் எனக்கு வெசனம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வந்தால் மாட்டியிருக்கிற டிஸ்க்கில் இருக்கிற இமேஜையும் சேர்த்துத்தான் பூட்டும். எடுத்து முடித்ததும் கழற்றி பீரோவில் வையுங்க.

17 நவம்பர் 2024

பல்லடத்துக்காரர் மறுபடி வந்திருக்கிறார். ரிப்பீட் ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. இனிமேல் எந்த சாஃப்ட்வேரில் இமேஜ் எடுக்கலாம் என்று கேட்கிறார்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: எடுத்த சாஃப்ட்வேர் நாளைக்கு இல்லாமல் போனாலும் இமேஜைத் திறக்க முடியுமா? அந்தக் கணக்கில் வி.ஹெச்.டி.எக்ஸ் எனக்குப் பிடித்திருக்கிறது. விண்டோஸே திறக்கும், செவன் ஜிப் திறக்கும், வர்ச்சுவல் மெஷினிலும் மாட்டலாம். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸில் டிஸ்க்2வி.ஹெச்.டி என்று சின்ன கருவி இருக்கிறது, ஓடுகிற கம்ப்யூட்டரை அப்படியே வி.ஹெச்.டி.எக்ஸ் ஆக்கிவிடும். விண்டோஸில் இருக்கிற சிஸ்டம் இமேஜும் அதே வடிவம்தான், ஆனால் அதை 2017-லேயே கைவிடப்போகிற பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இன்னும் இருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று தெரியாத ஒன்றை நம்பி ஏற்பாடு செய்ய மனசில்லை. அதில் இன்னொரு நுணுக்கம்: எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் மறுபடி மறுபடி எடுத்தால் பழைய நாள் இமேஜ்கள் அந்த டிஸ்க்கின் ஷேடோ காப்பியாகத்தான் (விண்டோஸ் மறைவாக வைக்கும் பழைய நிலை) நிற்கும். ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்தால் கடைசியாக எடுத்தது மட்டும்தான் கூட வரும்.

தினம் தினம் மாறியதை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் டிஸ்க்2வி.ஹெச்.டி பத்தாது, வீமின் இலவச ஏஜென்ட் மாதிரி ஒன்று வேண்டும். அதிலும் ஃபைல் அளவில் எட்டிப் பார்த்து எடுக்க வசதி இருக்கிறது. ஆனால் முதல் முழு இமேஜும் அடுத்தடுத்து எடுத்த மாற்றங்களும் ஒரு சங்கிலி; அதில் நடுவில் ஒரு கண்ணி போனால் அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் போச்சு, எனவே 'பழையது, இடம் அடைக்கிறது' என்று கையால் எதையும் அழிக்கக் கூடாது.

டிசைன் ஃபோல்டரை இமேஜுக்கு வெளியே சாதாரணமாக இன்னொரு டிஸ்க்கில் காப்பி செய்து வைப்பதையும் விடாதீங்க. அதைத் திறக்க யாருடைய புத்தியும் தேவையில்லை.

18 நவம்பர் 2024

நாமக்கல்லிலிருந்து வந்த கேள்வி: இமேஜில் இருந்து இழுத்துப் போட்ட ஃபோல்டர்கள் எல்லாம் இன்றைய தேதி காட்டுகின்றன, எது எந்த வருசத்து வேலை என்று தெரியவில்லை.

எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் அப்படித்தான். ஃபோல்டரின் தேதி காப்பி செய்த நாளாகிவிடும், ஃபைலின் 'உருவாக்கிய தேதி'யும் அப்படியே. ஃபைலின் 'மாடிஃபைட்' தேதி மட்டும் பழையபடி இருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்துங்க. ஃபோல்டர் தேதியும் வேண்டும் என்றால் போட்டதை அழித்துவிட்டு, ரோபோகாப்பியில் 'டிகாப்பி' ஆப்ஷனுக்கு டி.ஏ.டி என்று கொடுத்து மறுபடி எடுங்க. எக்ஸ்.ஜே-யை மறக்காமல்.